கைக்குள் ஒரு ரப்பர் பந்து

கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் துளசிமணி அந்தக் குழாய்க்குள் போனாள். திறந்தால் நேற்று மாதிரி ஆகிப்போகும். நேற்று திறந்து தொலைத்துவிட்டாள். மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளை வெளேரென்று ஒரு கூரை, ரெண்டு தோளையும் உரசிக்கொண்டு சுவர், முழங்காலை மடக்கக்கூட இடமில்லை, உயிரோடு வைத்து மூடிவிட்டார்கள் என்று மனசு கத்திய கத்தலில் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டாள். பந்தை அமுக்கினால் அந்தப் பக்கம் மணி அடிக்கும், மணி அடித்தால் ஸ்கேனை நிறுத்திவிட்டு வெளியே இழுத்துவிடுவார்கள். இழுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மிஷினை ஓட்டுகிற பையன் தங்கமான பையன், தெற்கத்திப் பேச்சு, "பரவால்லக்கா, நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றான். அவள் வீட்டுக்காரர் லோகநாதன்தான் வராந்தாவில் வைத்துப் போகிற வருகிற ஆளெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "கோயிலு முன்னால விடிய விடியக் குதிக்கத் தெரியுது, கொஞ்ச நேரம் சும்மா படுத்திருக்கத் தெரியலயா புள்ள?" என்றார். சும்மா படுத்திருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா, படுத்துப் பார்த்தால்தானே தெரியும். இன்றைக்கு அமுக்க மாட்டேன், என்ன ஆனாலும் அமுக்க மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். காலையிலிருந்து சக்கர நாற்காலியில் காத்துக் கிடந்து, அவசரக் கேஸ் ஒவ்வொன்றாக ஊடே பூந்து பூந்து, அவள் முறை வந்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. இப்போது என்ன பொழுதோ. குழாய்க்குள் பொழுது ஏது. பந்து வலது கையில் இருக்கிறது, கொழகொழவென்று, கோழிக்குடல் மாதிரி. பிடிக்கலாம், அமுக்கக்கூடாது. முட்டையை வைத்திருப்பதுபோல வைத்திருக்க வேண்டும்.

"மூச்ச உள்ள இழுங்கக்கா... வெளிய விடுங்க... அப்படியே நிறுத்துங்க." காதுக்குள் அந்தப் பையன் பேசினான், பேசி முடித்ததும் மிஷின் பிடித்துக்கொண்டது. தடதடதடவென்று தறிக்குடோனுக்குள் தலையைக் கொடுத்த மாதிரி. பிறகு வேறொரு சத்தம், தகரத்தைச் சுத்தியலால் தட்டுகிறது போல. மூச்சை நிறுத்திக்கொண்டு கிடக்கிறபோது நெஞ்சுக்குள் நடப்பதெல்லாம் வெளிச்சம் போட்டதுபோலத் தெரிந்தது. ஒழுங்காக நாலு தட்டு, பிறகு ஒரு தட்டு வராமல் ஏமாற்றி, போய்விட்டதோ என்று இவள் பதறுவதற்குள் தவளை குதித்த மாதிரி ஒன்று பெரிதாகக் குதித்தது. நெஞ்சின் மேல் முறம் போல ஒரு தட்டை வைத்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள், அந்தத் தவளை முறத்தைத் தூக்கித் தள்ளிவிடுமோ என்றிருந்தது. "ம், மூச்சு விட்டுக்கிடுங்க." விட்டாள். விட்டதும் மூக்கு அரித்தது. பாழாய்ப்போன மூக்கு. உடம்பில் பொட்டு இரும்பு இருக்கக்கூடாது, எந்த நகையும் வேண்டாம் என்று நர்சம்மா ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மெட்டி சோப்பு போட்டதும் வந்துவிட்டது. தாலிக்கொடிக்குப் பதிலாக மஞ்சள் கயிறு. மூக்குத்திதான் வரவில்லை. சமைந்த வருசம் குத்தினது, அன்றைக்கிருந்து ஒருநாள் கழற்றினதில்லை, மரை இறுகிச் சதையோடு சதையாகிக் கிடந்தது. நேற்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே விட்டார்கள், இன்றைக்கு அதுவும் ஆகாதாம். நர்சம்மா தேங்காயெண்ணெய் விட்டுத் திருகித் திருகி எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரரக்கூட இத்தன கெட்டியாப் புடிச்சிருக்க மாட்டீங்க அம்மிணி" என்று அவள் சிரித்தாள். இப்போது அந்த ஓட்டை அரிக்கிறது. கையைத் தூக்கினால் படம் கலைந்துபோகும். அரிப்பை நினைக்காதே என்றால் அரிப்பையே நினைக்கிறது மனசு. வேறு எதையாவது நினை.

நினைத்தாள். நினைத்தால் டாக்டரம்மாதான் வந்து நிற்கிறாள். சின்னப் பெண், மகள் நிரஞ்சனாவுக்கு அக்கா மாதிரி இருப்பாள், தலையைச் சாய்த்துத்தான் பேசுவாள். "ரத்தக் குழாய்ல அடைப்பு எதுவும் இல்லம்மா. இருதயத்துச் சதைதான் வீங்கியிருக்கு. உங்களுக்கு வந்துச்சே ஃப்ளூ காய்ச்சல், அதோட வேலை." சளிக்காய்ச்சல் இருதயத்துக்கு எந்த வழியாகப் போகும்? மூக்கில் ஒழுகி, தொண்டையில் கட்டி, இருமி, துப்பி, போய்த் தொலைந்ததென்றுதானே நினைத்திருந்தாள். ஊரே இருமிக்கொண்டிருந்தது, யார் கண்டார்கள். காய்ச்சல் போய், வாய்க்கு ருசி வந்து, சோறு தின்ன ஆரம்பித்த பிறகுதான் ஒருநாள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறினவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத்துணி மடியில் சொட்டுகிறது, மூச்சு மேலே ஏறமாட்டேன் என்கிறது. மூணாம் வீட்டு நாய் படிக்குக் கீழே நின்று பார்த்தது, அதற்குக்கூட ஏதோ தெரிந்தமாதிரி. ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியவில்லை, தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்து கிடந்தாள். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நின்றது. நாத்தனார் அம்பிகாவதி வந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "ஏனுங் அண்ணி, ஆடின காலு கொழுத்துப் போச்சாட்ட இருக்குது" என்றாள். அவளுக்கு வாய் அப்படி. ஆனால் அடுத்த நாள் காரை வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்ததும் அவள்தான். இருதயமும் ஒரு சதைதான் என்று டாக்டரம்மா சொன்னது துளசிமணிக்கு அதிசயமாகப் பட்டது. இத்தனை வருசம் இருதயம் என்றால் சாமி மாதிரி, உள்ளே இருக்கும், ஆனால் கெண்டைக்கால் மாதிரி, கை மாதிரி ஒரு சதை, நோகும், வீங்கும், தழும்பாகும் என்று யார் நினைத்தார்கள். தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் குழாய். "விழுந்திருந்தா என்னாகுங்க?" "பார்த்துக்கலாம்மா." பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் டாக்டரம்மா கேட்டாள், "காய்ச்சல் இருக்கறப்ப உடம்ப வருத்தி ஏதாவது செஞ்சீங்களா?" துளசிமணி யோசிக்குமுன் வாய் திறந்துவிட்டது, "இல்லீங்க, படுத்தேதான் கெடந்தேன்." "நல்லது. ஏன்னா காய்ச்சலோட..." டாக்டரம்மா அதற்கு மேல் என்னமோ சொன்னாள், இவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பொய் சொன்ன வாய் காய்ந்துபோய்க் கிடந்தது. காய்ச்சலோட. காய்ச்சலோட என்ன? வேண்டாம், அது வேண்டாம். மூக்கு அரிக்கிறது.

"மூச்ச இழுங்க... விடுங்க... நிறுத்துங்க." தடதடதட. அடி பிடித்துக்கொண்டது. தவிலும் சலங்கையும் மாதிரியே இல்லை, ஆனால் அடி என்றால் அடிதானே, காலுக்குத் தெரிந்துவிடுகிறது, போர்வைக்குள் கட்டைவிரல் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஆடாதே, படம் கலையும். அரங்கேற்றத்து ராத்திரி கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. வள்ளி கும்மி. மாசக்கணக்காகச் சாயங்காலம் சாயங்காலம் கோயில் மைதானத்தில் பழகினது. எல்லோருக்கும் ஒரே பாக்கு நிறச் சேலை. வாத்தியார் மயில்வாகனம் அவளைக் கூப்பிட்டு முன்வரிசையில் நிறுத்தினார். "உன் காலப் பாத்துத்தான் பின்னால இருக்கற பொம்பளைங்க ஆடோணும் அம்மிணி, நீ தப்பு வெச்சீன்னா ஊரே தப்பு வெச்சுரும்" என்றார். அவள் காலைப் பார்த்து ஊர் ஆடுகிறது! கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வைத்த குழம்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், வளர்த்த மாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், காலைப் பற்றி யார் பேசினார்கள். "இந்த வயசுல இதென்ன கூத்து" என்று லோகநாதன் சொன்னபோது அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு போய்விட்டாள். அரங்கேற்றத்துக்கு முன்தினம் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. மாத்திரை போட்டுக்கொண்டாள், கசாயம் குடித்தாள், மேக்கப் போட வந்தவள் "கன்னம் தானா செவந்திருக்குதக்கா, பவுடரே வேண்டாம்" என்றாள். எல்லோருந்தான் சொன்னார்கள், நாலு சுற்று ஆடினால் வேர்த்துவிடும், வேர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று. வேர்க்கத்தான் செய்தது. சேலை முதுகோடு ஒட்டிப்போகும்வரை வேர்த்தது. வாத்தியார் வேகத்தைக் கூட்டக் கூட்ட நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைக் கட்டி இழுத்தார்கள், விரல் நுனியெல்லாம் சில்லிட்டது, விளக்கெல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது. நின்றுவிடலாம்தான். சலங்கை கட்டின கால் பாட்டு முடியும்வரை நிற்கக்கூடாது என்பது வாத்தியார் போட்ட சட்டம். நடுவில் ஒருத்தி நின்றால் பின்னால் வருகிறவள் மோதுவாள், அவள் மேல் அடுத்தவள், வட்டமே உடையும். நிற்கவில்லை. சிரித்தாள்கூட. வீடியோவில் அவள்தான் எல்லோரிலும் அழகாகச் சிரித்திருக்கிறாள் என்று சொன்னார்கள். இதை எப்படி அந்த டாக்டரம்மாவிடம் சொல்வது, அதுவும் பக்கத்தில் அவரும் அம்பிகாவதியும் நிற்கையில். சொன்ன அன்றைக்கே கும்மி போய்விடும். சலங்கையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். கும்மி ஆடிக் கெட்டாள் என்று ஊர் சொல்லும், நாளைக்கு எந்த வீட்டில் பெண்ணை ஆட அனுப்புவார்கள்? அதனால்தான் படுத்தேதான் கிடந்தேன் என்றது.

கையில் ஊசி வழியாக என்னமோ சில்லென்று ஏறியது. "மருந்து விட்டிருக்கேன்க்கா, பயந்துராதீங்க. இனி கடைசிப் படங்கதான், இதுதான் முக்கியம். ஆடாம அசையாமப் படுத்துக்கிடணும்." கிணற்றுத் தண்ணீர் தோளுக்கு ஏறி, கழுத்துக்கு வந்து, நெஞ்சுக்கு இறங்குவதுபோல இருந்தது. போய்த் தேடட்டும், தழும்பு எங்கே இருக்கிறதென்று. ஆடாம என்கிறான். இந்நேரம் அங்கே ஆடப் போகிறார்கள். அடுத்த ஊர்க் கோயிலில் இன்றைக்குத்தான் அழைப்பு, இவர்கள் குழுதான் போகிறது. பந்தலில் மைக் கட்டியிருப்பார்கள். வாத்தியார் போன வாரம் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுப் புலம்பினார், "முன்வரிசைல நீ இல்லீன்னா பல்லு போன வாயாட்டத் தெரியும் அம்மிணி." அதனாலென்ன வாத்தியாரே, எம்புள்ள நிக்குது என் எடத்துல, கூடவே பழகினவதானே, என் சலங்கையே அவளுக்குச் சரியா இருக்கும் என்று இவள்தான் சொன்னாள். நிரஞ்சனாவுக்குக் கசக்குமா, அம்மா இடத்தில் நிற்பதென்றால்! ஈரோட்டில் வேலை பார்க்கிற இடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இன்றைக்குக் காலையில்கூடப் போன் செய்தாளே. குரல் கரகரவென்று தவளைக்குப் பிறந்தவள் மாதிரி. "தொண்டையெல்லாம் புண்ணாட்ட இருக்குதும்மா. ராத்திரி மேலு கொதிச்சுது. கை காலெல்லாம் முறிச்சுப் போட்டாப்பல. போகட்டுமா, வேண்டாமா?" நர்சம்மா அப்போது மூக்குத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினது. என்ன சொன்னேன் அவளிடம்? என்னமோ சொன்னேன். மூக்கில் எண்ணெய் இறங்கித் தும்மல் வந்தது. தும்மிவிட்டு என்ன சொன்னேன்? காய்ச்சலோட என்று டாக்டரம்மா ஆரம்பித்தாளே, அது ஏன் இப்போது வந்து நிற்கிறது. நான் ஆடினது எனக்குத் தெரியும், அதைத் தோண்டாதே, அதுதான் படுத்துவிட்டேனே, இதற்கு மேல் என்ன. காய்ச்சலோட உடம்ப வருத்தினா. உடம்ப வருத்தினா என்ன? விசிறியில் ஒரு இறக்கை மட்டும் கறுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது, விழாமலா போகும், காது என்ன கதவா மூடிவைக்க. "காய்ச்சலோட உடம்ப வருத்தினா அது நேரா இருதயத்துல ஏறிரும்மா. வயசானவங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. நல்லா ஓடியாடற சின்னப் புள்ளைங்கதான் நின்ன எடத்துல பொசுக்குன்னு விழுந்துருதுங்க." சின்னப் புள்ளைங்க. துளசிமணி கண்ணைத் திறந்துவிட்டாள். வெள்ளைக் கூரை மூக்குக்கு மேலே அப்படியேதான் இருந்தது. ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு எறங்கு கண்ணு. அதுதான் சொன்னது. நாலு சுத்து ஆடினா வேர்த்துக் காய்ச்சல் ஓடிப்போகும். இந்த வாய்தான் சொன்னது, இதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, நெஞ்சில் நாலு பக்கமும் வயர் ஒட்டியிருக்க, இந்த வாய்தான்.

"இழுங்க... விடுங்க... நிறுத்துங்க." நிறுத்தினாள், நிறுத்தச் சொன்னதால் அல்ல, நின்றுபோனதால். இப்போது என்ன பொழுது? ஜன்னலில் வெயில் மஞ்சளாக இருந்தது, அதற்குப் பிறகு எத்தனை படம் எடுத்தான், எண்ணவில்லையே. பொழுது இறங்கினதும் பூசை, பூசை முடிந்ததும் சலங்கைக்குப் பொட்டு வைத்துக் கட்டுவார்கள். கட்டினதும் வாத்தியார் எல்லோருடைய செல்போனையும் வாங்கிக் கோணிப்பையில் போட்டுக் கட்டிவிடுவார். ஒருமுறை பழகும்போது சரோஜாவின் இடுப்பில் போன் அடித்து, அவள் ஆடிக்கொண்டே எடுத்து "குக்கர எறக்கி வெய்யி" என்றாள், அன்றைக்கிருந்து அந்தக் கோணிப்பை. பைக்குள் போய்விட்டால் பாட்டு முடியும்வரை யார் கூப்பிட்டாலும் கேட்காது. இன்னும் கொஞ்சந்தான் படம், முடிந்ததும் சொல்லலாம். முடிந்ததும் என்றால் எப்போது? அமுக்கினால் மருந்து வீண், படம் வீண், நாளைக்கு மறுபடியும் மெட்டி, மூக்குத்தி, இந்தக் குழாய். வராந்தாவில் அவர் நிற்பார், பாரு, இன்னைக்கும் அமுக்கிட்டா, என்று. அமுக்கினால் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? ஏன் ஆடக்கூடாதென்று நிரஞ்சனா கேட்பாளே. நீ ஆடினாயே என்பாளே. ஒன்றும் ஆகாது. ஊரில் எத்தனை பேர் காய்ச்சலோடு ஆடினார்கள், எனக்குப் பக்கத்தில் ஆடினவளுக்கும் இருமல்தானே, கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள். எனக்கு வந்தது என் தலையெழுத்து. அவள் சின்னப் பெண், தாங்கும். தாங்குமா? சின்னப் புள்ளைங்கதான் என்றாளே. வட்டம் கண்ணில் தெரிந்தது. பாக்கு நிறச் சேலையில் நிரஞ்சனா, கன்னம் பவுடர் வேண்டாத சிவப்பு, சிரிக்கிறாள், அம்மா மாதிரியே சிரிக்கிறாள், கயிறு இழுக்கிறது, விரல் சில்லிடுகிறது, நிற்க மாட்டாள், என் பெண் நிற்க மாட்டாள், பின்னால் இருக்கிறவர்கள் அவள் காலைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள். என் இடத்தில் நிறுத்தினேன். என் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். தவளை ஒன்று குதித்தது. பிறகு ஒன்று குதிக்காமல் நின்றது. "அக்கா, அசையாதீங்க, இன்னும் கொஞ்சந்தான்." அவள் பந்தை அமுக்கினாள். ஒரே அமுக்கு, நிதானமாக, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி.

தடதடப்பு நின்றது. வெளிச்சத்துக்குள் அவளை இழுத்தார்கள். "என்னக்கா, முடியலையா? இன்னும் மூணு நாலு படந்தான், மருந்து வேற ஏத்தியாச்சு" என்று பையன் ஓடிவந்தான். "போனு வேணும் தம்பி. எங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க." "போனு இதுக்குள்ள வரக்கூடாதுக்கா, காந்தம் இழுத்துரும்." "அப்ப என்னைய வெளிய கொண்டுபோ சாமி." அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், முறம் ஒரு பக்கம் தொங்குகிறது, வயர் ஒரு பக்கம். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், நாற்காலியில் வைத்துக் கதவுவரைக்கும் தள்ளினான். லோகநாதன் எதிரே வந்தார். "அமுக்கிட்டயா? எனக்குத் தெரியும் புள்ள, உன்னால..." "நிருவுக்குப் போடுங்க. பேசாமப் போடுங்க." அவள் இப்படிக் கட்டளை போட்டு அவர் கேட்டதில்லை, போட்டு அவள் காதில் வைத்தார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வராந்தா ஜன்னல் கறுத்துவிட்டிருந்தது. பைக்குள் போய்விட்டது, அவ்வளவுதான், போய்விட்டது என்று அவள் நினைக்கிறபோதே மகள் எடுத்தாள். பின்னால் ஒலிபெருக்கி இரைச்சல். "அம்மா? என்னம்மா, ஸ்கேன் முடிஞ்சுதா? சலங்கை கட்டியாச்சு, பை சுத்தி வருது, வாத்தியார் கத்தறாரு, சீக்கிரம் சொல்லு." "கழட்டு." "என்னது?" "சலங்கையக் கழட்டு கண்ணு. ஆடாத." "என்னம்மா, முன்வரிசை..." "பல்லு போனாப் போகட்டும். காய்ச்சல் இருக்குதா இல்லையா?" "இருக்குது. மாத்திரை போட்டிருக்கறேன், நீதானே காலைல..." "நாந்தான் சொன்னேன், நான் சொன்னது தப்பு. நான் காய்ச்சலோட ஆடினேன் நிரு. அன்னைக்கே நெஞ்சு வலிச்சுது, யாருகிட்டயும் சொல்லல. அதுதான் எனக்கு இப்படி ஆயிப்போச்சு. கழட்டு. கழட்டிட்டுப் பந்தல்ல போயி உக்காரு, சித்த நேரங்கூட நிக்காத. கழட்டறது எனக்குக் கேக்கோணும்." அந்தப் பக்கம் யாரோ "நிரு, வாடீ" என்று கூப்பிட்டார்கள். பிறகு போனைத் தரையில் வைத்த சத்தம். பிறகு மணியெல்லாம் கொத்தாக விழுந்த சத்தம், ஒரு கால். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால்.

லோகநாதன் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். "டாக்டருகிட்டப் படுத்தே கெடந்தேன்னு சொன்னியே." "பொய்யிங்க." திட்டுவார் என்று காத்திருந்தாள். "அந்தம்மாகிட்ட நான் போயிச் சொல்லிடறேன்" என்றார், "நீ போயிப் படு. பந்தெல்லாம் ஒன்னும் தப்பில்ல, முடியலீன்னா அமுக்கு." பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வாங்கக்கா, மருந்து இன்னும் நிக்கும், இப்பமே எடுத்துருவோம்" என்று தள்ளிக்கொண்டு போனான். மறுபடியும் முறம், மறுபடியும் பட்டை, கையில் பந்து. பலகை அவளை உள்ளே இழுத்தது, தோளை உரசியது சுவர். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. வெள்ளைக் கூரையில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் ஓடுவது இப்போதுதான் தெரிந்தது. தழும்பு இருக்கிறதா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. "மூச்ச இழுங்கக்கா... விடுங்க... அப்படியே நிறுத்துங்க." நிறுத்தினாள். நாலு தட்டு ஒழுங்காக வந்தது. அடுத்தது வரவில்லை. காத்திருந்தாள். வந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அத்தனை நேரம் வெளியே கை சும்மாத்தானே இருந்தது, சொறிந்துகொள்ள மறந்துபோனாள். மூக்கு மறுபடியும் அரிக்க ஆரம்பித்தது.